ஆவணம் வெளியானது

இன்று காலை சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு மின்னஞ்சல். ‘ஆவணம் வெளியானது’ என்று ஒரே வரி. நாம் சேர்ந்து உருவாக்கிய கணினி நிரலின் விளக்கப் பக்கம் மாறினால் தானாக வரும் தகவல் அது. நீ போனபிறகு இப்போதுதான் முதல் தடவையாக வருகிறது. கடுகு கருகியதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

விளையாட்டாகத்தான் தொடங்கினோம். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட், ஒருவர் லீவு போட்டால் யார் வருவது என்று கணக்குப் போடும் சின்ன நிரல். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக வைத்தோம். எழுதுவது நான். மைன்ஸ் கன்ட்ரோல் ரூமில் வேலை முடிந்து, வடக்குத்தில் இருக்கும் உன் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் குவார்ட்டர்ஸில் வண்டியை நிறுத்திக் குறை சொல்வது நீ. நான் நிரலை மாற்றுவேன்; அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கத்தைத் தொடமாட்டேன். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“எங்க ஷிஃப்ட்ல எந்த மெஷின் எப்படி ஓடிகினு இருக்குதுன்னு வர்றவங்ககிட்ட சொல்லாம யாரும் வூட்டுக்குப் போவ முடியாது. நீ மட்டும் உன் பாட்டுக்குப் போயிகினே இருக்கிற!”

உடம்புக்கு என்னவென்று தெரிந்ததும் நீ உட்கார்ந்தது இந்த வேலைக்குத்தான். நிரலோடு சேர்த்து எழுதும் விளக்கத்தைக் கணினியே எடுத்துப் பக்கமாக்கி இணையத்தில் ஏற்றும்படி செய்தாய். அதோடு விட்டாயா? விளக்கம் இல்லாத எந்த மாற்றமும் உள்ளே வரமுடியாதபடி ஒரு பூட்டும் போட்டாய்.

“யாருடி இதெல்லாம் படிக்கப்போறாங்க?” என்று எரிந்து விழுந்தேன்.

“வர்றவங்க படிப்பாங்க. நான் இல்லன்னா உங்கிட்ட யாரு கத்திகினு இருப்பா?” என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. திறந்தால் என் பெயரோடு உன் பெயரும் இருக்கும். அதைப் பார்க்கவும் முடியவில்லை, எடுக்கவும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர், இரட்டை ஷிஃப்ட் கணக்கில் இருந்த தவறைத் திருத்தி அனுப்பினார். கடைசியாக இதைச் சேர்த்துவிட்டு மூடலாம் என்று சம்மதம் கொடுத்தேன். உன் பூட்டு விடவில்லை. விளக்கம் எங்கே என்று அவரைத் திருப்பி அனுப்பியது. மனுஷர் அலுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பொறுமையாக எழுதி அனுப்பினார். இன்று காலை அது தானாகவே வெளியாகியும் விட்டது. என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்.

கூடவே ஒரு குறிப்பு. அவர் ஊர் மருத்துவமனையில் நர்சுகளுக்கு ஷிஃப்ட் போடுவது நம் நிரலை வைத்துத்தானாம். விளக்கம் சரியாக இருந்ததால் நம்பி எடுத்தாராம். ‘இதைப் பார்த்துக்கொள்ளும் இருவருக்கும் நன்றி’ என்று முடித்திருந்தார்.

அடுப்படியிலேயே அழுதுவிட்டேன். துக்கம் மட்டும் இல்லையடி, நீ எனக்கு எவ்வளவு செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று புரிந்த அழுகை. மூடப்போவதில்லை. விளக்கத்தையும் இனி நானே முதலில் எழுதுவேன்.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, நீ இல்லை என்று சொல்லக் கை வரவில்லை. ‘எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி’ என்று எழுதி அனுப்பினேன்.