ஏரித் தண்ணீரில் கழுவிய பைக்

தை 5, ஞாயிறு

போட் இன்ஜின் வேலையை ஒதுக்கிவிட்டு, அந்தப் பழைய இத்தாலி ரேஸ் பைக்கை எட்டு மாதம் துரு சுரண்டி ஓடவைத்தேன். இன்று அதை எடுத்துப்போக வந்த சொந்தக்காரன், மீஞ்சூர்க்காரன், பின்னால் பூநாரை தெரியப் போட்டோ வேண்டும் என்று சக்கரம் முங்க அதை எங்கள் உப்பேரியில் இறக்கினான். கரையேற்றியதும், "சேறு இன்னா பாய் இப்டி ஒட்டுது" என்று அதே உப்புத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினான். எருமையைக் குளிப்பாட்டுகிறவனுக்குக்கூட இதைவிட விவரம் உண்டு.

"துரு புடிச்சா திரும்ப உங்கிட்டயே உட்டுர்றேன் பாய்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

விடுவான். துரு ஏறித் திரும்பி வந்தால் இன்னும் மூன்று மாதமாவது அது என் ஷெட்டில் நிற்கும். அவன் ஏரியில் இறக்கியபோது நான் வாயைத் திறக்காமல் நின்றது அதற்காகத்தான்.