கட்டைவிரல் சம்மதம்

கள்ளக்குறிச்சி,
வியாழக்கிழமை

அன்புத் தம்பி கவியரசனுக்கு, அக்கா கோகிலவாணி எழுதுவது. போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது. மாமா உயிருக்கு ஆபத்தில்லை. ஆஸ்பத்திரியில் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நீ மும்பையிலிருந்து அமைத்துக் கொடுத்த டோக்கன் முறை நன்றாகத்தான் நடந்தது. கரும்பு எடை போட்டதும் நம் கரும்பு விவசாயிகள் சங்கத்துக்கு, இவ்வளவு கரும்பு என்று போனில் டோக்கன் வரும். அது ஆலைக்குக் கைமாறும் அதே நொடியில் பணம் வந்துவிடும். ஆலை, வங்கி, சங்கம் மூன்று இடத்திலும் ஒரே கணக்கு இருந்ததால், தரகன் கலையரசனால் பழையபடி எடையைத் திருத்த முடியவில்லை. நாற்பத்து மூன்று குடும்பத்து டோக்கனையும் தன் பேருக்கு மாற்றித் தரச் சொன்னான். சங்கச் செயலாளர் என்று மாமா தன் போனில் கட்டைவிரல் வைத்தால்தானே மாறும்? மறுத்துவிட்டார். போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோறு கொண்டுபோனேன். எடைக் கொட்டகையில் இரண்டு பேர் அவரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். கலையரசன் எடைக்கல்லால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினான். வலது கையைத் தொடவில்லை. அந்தக் கட்டைவிரல் அவனுக்கு வேண்டும்.

“போன் எங்கன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போ. இன்னாத்துக்கு அடி வாங்கிக்கினு கெடக்கிற?” என்றான்.

மாமா வாயெல்லாம் ரத்தம். “அது என்னுது இல்லடா, ஊருது” என்றார். அடுத்த அடி தலையில் விழுந்தது. நினைவு போய்விட்டது.

அன்றைக்கே எல்லாம் அவன் பேருக்கு மாறிவிட்டது. ஸ்டேஷனில், உங்கள் வீட்டுக்காரர் சம்மதித்ததாகத்தானே மூன்று இடத்திலும் பதிவாகியிருக்கிறது என்கிறார்கள். சங்கத்திலேயே சிலர், அவர் எவ்வளவு வாங்கினார் என்று பேசுகிறார்களாம்.

தம்பி, ஒரு விரலை நம்பி ஊர்ச் சொத்தை வைக்காதே. வேறு வேறு ஊரில் இருக்கிற மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். அதற்கப்புறமும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் நின்றுவிட வேண்டும். ஆளைக் கொன்றாலும் இன்றைக்குக் கிடைக்காது என்று தெரிந்தால் எவனும் அடிக்க வரமாட்டான்.

மாமாவுக்குத் தெரியாத ஒன்றை உனக்கு மட்டும் சொல்கிறேன். வீட்டில் விட்டுவர பயந்து எடுத்துவந்த போன் என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. கலையரசன் மறுபடி கல்லை ஓங்கினான். நான்தான் போனை எடுத்து, அவர் கட்டைவிரலை முந்தானையால் துடைத்து அதில் வைத்தேன்.

கண் விழித்ததும், “குடுக்கல இல்ல?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது அவர் கேட்டால், நீயும் இல்லை என்றே சொல். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
கோகிலவாணி