மடியில் போட்ட அரிசி

அத்தை,

சீர்காழியில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் ரசம் விழுந்து மிளகு வாசனை ஏறும்போதே எதிர் வரிசையில் பண்ணை வீட்டுச் சின்னவர் அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார். "சங்கத்துக் கிழவி கடைசியில எங்க கொல்லைக்கு வந்து ஆண்டேன்னு கும்புட்டுச்சுல்ல! பழக்கம் எங்க போவும்?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "மீதிக் கதையையும் சொல்லுங்க" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி. அவருக்குத் திடீரென்று பாயசம் தேவைப்பட்டது. நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும் உங்களை வைத்துச் சிரிக்கிறார்கள்.

அந்த வார்த்தையை நிறுத்தியவரே நீங்கள்தானே? பண்ணையாட்கள் முதலாளியை 'ஆண்டே' என்று கூப்பிட்டு, கொல்லைப்புறமாகத்தான் வரவேண்டும் என்றிருந்த காலம். விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வு கேட்டு நடவை நிறுத்திய வருஷம் வரப்பில் நின்று சொன்னீர்களாம்: "பேரு வச்சிருக்காங்கல்ல, இனிமே பேரைச் சொல்லியே கூப்புடுறேன்." நான் மருமகளாக வந்த அன்று முதலில் இதைத்தான் சொன்னீர்கள். சாப்பிட்டியா என்று அப்புறம்தான் கேட்டீர்கள்.

அரசாங்கம் கொடுத்த டிவியில் எந்தத் தலைவர் பேசினாலும் பதிலுக்குப் பதில் பேசாமல் பார்க்க மாட்டீர்கள். ஒரு நாள் திடீரென்று பேச்சே இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். அடிபம்பு பக்கத்தில் விழுந்தீர்கள். என்னை, செத்துப்போன உங்கள் தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். உங்கள் மகனும் நானும் கடைத்தெரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நெற்றியைத் தொட்டார், தெர்மாமீட்டர் வைத்தார். "காய்ச்சல் இல்ல. வயசாயிடுச்சுல்ல, மறதி."

"முந்தாநாள் வரைக்கும் நல்லாப் பேசினாங்க டாக்டர்."

"அப்படித்தாம்மா ஆரம்பிக்கும்" என்று டானிக் எழுதி, அடுத்த ஆளுக்கு மணி அடித்தார். உங்கள் மகனும் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு மனுஷியை முடிந்துபோனவள் என்று ஒத்துக்கொள்ள அங்கே யாருக்கும் துளி சிரமம் இருக்கவில்லை.

மறுநாள் காலை படுக்கையில் உங்களைக் காணோம். தேடி ஓடினால், பண்ணை வீட்டுக் கொல்லையில், மாட்டுக்கொட்டகை ஓரம், முதுகை வளைத்து முந்தானையை ஏந்தி நிற்கிறீர்கள். "ஆண்டே, கூலி அளந்து போடுங்க ஆண்டே." நோயாளி என்று சின்னவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். ஆள் விட்டு ஒரு படி அரிசியை மடியில் போடச் சொல்லி, நின்று வேடிக்கை பார்த்தாரே, அதற்கு என்ன பேர்?

அங்கிருந்தே தஞ்சாவூருக்குக் கார் பிடித்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், "போன வாரம் எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன் போல, கொட்டித் தீர்த்தேன். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிறுநீர்ல கிருமி, ரத்தத்துலயும் ஏறியிருக்கு. வயசானவங்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராதும்மா. திடீர்னு குழம்புவாங்க, விழுவாங்க, சாப்பாட்டை ஒதுக்குவாங்க. அதுதான் அறிகுறி. தண்ணி சரியாக் குடிக்க மாட்டாங்களா?"

"குடிக்கவே மாட்டாங்க" என்றேன். நடவு வயலில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. பொழுது சாயும்வரை வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. வயலை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. பழக்கம் எங்கே போகும் என்று கேட்கிற சின்னவருக்கு இந்தப் பழக்கம் மட்டும் தெரியாது.

மருந்து ஏறிய சில நாளில், ஊசி குத்தத் தெரியவில்லை என்று நர்ஸோடு சண்டை பிடித்தீர்கள். சந்தோஷத்தில் அழுதேன், அத்தை.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் நடந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள். "கும்புட்டேனா? நானா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். நோயில் உளறியதற்கு யாராவது வெட்கப்படுவார்களா என்று எவ்வளவோ சொன்னேன். எழுந்தபோது நீங்கள் கேட்டது அந்த அரிசியை. நான் அதைச் சமைக்காமல் தனியாக வைத்திருந்தேன். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்து நடந்தீர்கள். கொல்லைப்பக்கம் இல்லை, தெருவாசல் வழியாக. கூடத்தில் இருந்த நாற்காலியில், உட்காரச் சொல்லுமுன்பே உட்கார்ந்தீர்கள்.

"தம்பி, அன்னைக்கு வந்தது நான் இல்ல, என் வியாதி. அது வாங்குன அரிசி இது, அளந்து பாத்துக்க."

சின்னவர் பையைப் பார்த்தாரே தவிர உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தியில் அவர் விழுங்குகிற மீதிக் கதை இதுதான்.

அதற்கப்புறம் சில வருஷம் இருந்து, கடைசி மூச்சுவரை என் சமையலைக் குறை சொல்லி, நீங்கள் நீங்களாகவே இருந்து போய்ச் சேர்ந்தீர்கள். ஆனால் 'வயசாயிடுச்சுல்ல' என்பதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போன மாதம் அடுத்த வீட்டுப் பெரியவரை அதே கடைத்தெரு டாக்டரிடம் கூட்டிப்போனபோது அதே வார்த்தை. கட்டிலும் தெரியாமல் கதவும் தெரியாமல் தடுமாறிய அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை வரை பேப்பரை வரி விடாமல் படித்தவர். கூட வந்த பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு எழுந்தார்கள். நான் டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "யூரின், ரத்தம் ரெண்டும் பாக்க எழுதுங்க டாக்டர். அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். வெளியே கூட்டம் முணுமுணுத்தது. எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தேன், அத்தை.