இத்தாவில் வராத மகன்

கட்டுகஸ்தோட்டை
20.06.2024

அன்பு மகன் அகீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். வாப்பா மௌத்தாகி மூன்றரை மாதமாகிறது. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நான் இருக்கத் தொடங்கியதிலிருந்து நீ வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக்கூட இறைச்சியைக் கேட்டில் கொடுத்துவிட்டு நாவலப்பிட்டிக்குத் திரும்பிவிட்டாய். உன்னை நான் பெறவில்லைதான். அதற்காக இப்படியா?

போன கிழமை நில அளவையாளர் வந்து வீட்டு வளவை அளந்தார். நீ அனுப்பியதாகச் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது. வாப்பா ஒன்றும் எழுதிவைக்காமல் போய்விட்டார். மார்க்கச் சட்டப்படி எனக்கு எட்டில் ஒரு பங்கு, மீதி உனக்கு. என் முதல் கணவரின் மகள் ஸஹ்ராவுக்கு ஒன்றுமில்லை. நான் வழக்காட மாட்டேன். நவம்பரில் அவளுக்கு ஏ.எல். பரீட்சை. அதுவரைக்கும் வீட்டை விற்காதே. இத்தா முடிய இன்னும் மூன்று கிழமைதான். மறுநாளே போகச் சொன்னால் எங்கே போவோம்? உடுப்பெல்லாம் கட்டிவைத்துவிட்டேன்.

உன் சாச்சி
சித்தி றலியா


நாவலப்பிட்டி
25.06.2024

அன்புள்ள சாச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். வெட்கத்தோடு எழுதுகிறேன். நீங்கள் பெற்ற தாய் இல்லை, இத்தாவில் உங்கள் முகம் பார்ப்பது ஹராம் என்று என் தாய்மாமா சொன்னார். நானும் அப்படியே நம்பிவிட்டேன். நேற்று உங்கள் கடிதத்தோடு பள்ளிவாசல் மௌலவியிடம் ஓடினேன். அவர் தலையில் கைவைத்துவிட்டார்.

"வாப்பாட பொஞ்சாதி ஒனக்கு எப்பயும் உம்மாதான். இத்தா ஒன்னத் தடுக்காது" என்றார்.

என் மடத்தனத்தால் உங்களைத் தவிக்கவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

அளவையாளர் வந்தது விற்பதற்கல்ல. காணி உறுதிப் பத்திரம் எழுத பிளான் வேண்டுமென்று நொத்தாரிசு கேட்டார். என் பங்கில் பாதியை ஸஹ்ராவுக்கு நன்கொடையாக எழுதப்போகிறேன். வாப்பா நோயாய் இருந்த இரண்டு வருடமும் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது அவள். நான் கடையே கதியென்று கிடந்தேன். சட்டத்தில் அவளுக்குப் பங்கில்லைதான். கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லையே. கட்டிவைத்த உடுப்பை அவிழுங்கள்.

மகன் அகீல்


கட்டுகஸ்தோட்டை
28.06.2024

மகன்,

அல்ஹம்துலில்லாஹ். கடிதத்தைப் படித்ததும் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். ஸஹ்ரா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் அழுதாள், பிறகு சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். உன் மாமாவிடம் எனக்கு நாலு வார்த்தை கேட்க இருக்கிறது, சொல்லிவை.

உறுதியைப் பிறகு பார்ப்போம். இது கிடைத்த அன்றே பஸ் ஏறு. வந்து என் பக்கத்தில் இரு. வாப்பாவுக்காக நான் தனியாக அழுதது போதும்.

சாச்சி