அம்மாவுக்காக நான் போட்ட கையெழுத்துகள்

அன்பு மகள் பாப்புவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உடம்பளவில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா என்று எழுது. அத்தை ஞாயிறுதோறும் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள், அது எனக்கு மூன்று நாளைக்கு வருகிறது. குளியலறைக் குழாய் ஒழுகியது, நானே வாஷர் மாற்றிவிட்டேன். அம்மாவின் கட்டிலையும் ஆக்சிஜன் மிஷினையும் அவள் போன மறுநாளே கம்பெனி ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடம் காலிதான், ஆனாலும் நான் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன்.

நல்லா பேசிட்டிருந்தவங்க எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம் என்று அன்று போனில் கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி. அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்ததும் மாடிப்படி ஏற முடியாமல் போனதும் உனக்குத் தெரியும். போன வருஷக் கடைசியில் ஒருவர் வீட்டுக்கு வந்தார், சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க சார், கட்டில், ஆக்சிஜன், டயபர் எல்லாம் இலவசம், இன்சூரன்ஸ் பாத்துக்கும் என்றார். வீட்டுப் பராமரிப்பு என்றுதான் சொன்னார், வேறு வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். லிஃப்ட் ரிப்பேர் பண்ற இவர் இத்தனை வருஷத்துல எனக்கு ஓசியில குடுத்தது லிஃப்ட்ல ஒரு ரவுண்டுதான், நீங்க கட்டிலே குடுக்கறீங்களே என்று அவரிடமே சொல்லிச் சிரித்து, சிரித்ததில் மூச்சு வாங்கி உட்கார்ந்துகொண்டாள். அவர் நீட்டிய டேப்லட்டில் விரலால் கையெழுத்துப் போட்டேன். அவர் பக்கத்தைத் தள்ளத் தள்ள நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.

முதல் மாதம் நர்ஸ் வாரம் இரண்டு தடவை வந்தாள். தங்கமான பெண், அம்மாவுக்குத் தலைகூட வாரி விடுவாள். பிறகு வாரம் ஒரு தடவை, பிறகு போன் மட்டும். ஒருநாள் வாசலிலேயே நின்றுகொண்டு, அங்கிள், எனக்குப் பத்தொன்பது வீடு குடுத்திருக்காங்க, என்னால முடியல, இதுல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, தேதி நான் போட்டுக்கறேன் என்று, அவள் வந்து பார்த்ததற்கு அடையாளமாக நான் கையெழுத்துப் போடும் தாள்களை வெறுமையாக நீட்டினாள். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன், கம்பிவடத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு சோதனை அட்டையிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பெண்ணின் வேலை போய்விடக் கூடாதே என்று எட்டுத் தாளிலும் போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், சளி. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். நாங்க குடுத்து வச்ச அந்தச் சொட்டு மருந்தக் குடுங்க, அமைதியா தூங்குவாங்க, ஆஸ்பத்திரிக்குப் போனா திட்டம் ரத்தாயிடும், செலவெல்லாம் உங்க தலையில விழும் என்றார்கள். கொடுத்தேன், தூங்கினாள். வெள்ளியும் தூங்கினாள். குணமாகிறது என்று நினைத்தேன் பாப்பு. சனிக்கிழமை காலையில் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, இவங்க இறுதிக்காலத் திட்டத்துல இருக்காங்களே, ஆறு மாசத்துக்கு மேல தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் எழுதிருக்கார், இனிமே குணப்படுத்தற சிகிச்சை வேணாம்னு நீங்கதான கையெழுத்து போட்டிருக்கீங்க என்று கேட்டார். அம்மா பக்கத்திலேயே ஸ்ட்ரெச்சரில் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆறு மாசம்னு உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்டதெல்லாம் தண்ணீர்தான்.

வார்டு டாக்டர் நல்லவர், எந்தத் தாளுக்கும் காத்திருக்காமல் ஊசி போட ஆரம்பித்தார். இது சாதாரண நெஞ்சுச் சளிதான், வியாழக்கிழமையே வந்திருந்தா சமாளிச்சிருக்கலாம், இவங்க ஆறு மாசத்துல போற நிலைமையிலயே இல்லையே, யார் எழுதிக் குடுத்தது என்று கேட்டார். அப்படி எழுதிய டாக்டர் நம் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா போய்விட்டாள்.

போன வாரம் அந்தக் கம்பெனியின் மோசடியை விசாரிக்கிற அதிகாரி ஒரு அம்மாள் வந்திருந்தார். திட்டத்தில் ஓர் ஆள் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கம்பெனிக்குப் பணம் வருமாம், அதற்காகச் சாகாதவர்களையும் சாகப்போகிறவர்களாக எழுதிச் சேர்த்தார்களாம், இந்தப் பகுதியில் மட்டும் முப்பது வீட்டுக்கு மேல். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நோயாளி ஓய்வில் இருக்கிறார், வலி இல்லை, கணவருடன் பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தது. அடக்கம் முடிந்து நான்காம் நாள் தேதி. கீழே என் கையெழுத்து. கட்டில் எடுக்க வந்தவர்களுக்குத் தெரிந்தது தாளை நிரப்பியவர்களுக்குத் தெரியவில்லை. நான் அழுவேன் என்று அந்த அம்மாள் காத்திருந்தார் போலிருக்கிறது. எனக்கு வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த தாளைக் கேட்டேன்.

நான் வந்ததா சொல்லிடுங்க அங்கிள் என்று நர்ஸ் போனில் அழுதாள். கண்ணு சரியா தெரியல, என்னன்னே தெரியாம போட்டேன்னு சொல்லுண்ணா, இல்லன்னா உன்னையும் சேத்து இழுப்பாங்க என்று சித்தப்பா சொல்கிறான். வெறும் தாள் வெறும் தாள்தான் என்பது கண்ணாடி போடாமலே தெரியும். எட்டுத் தாளையும் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லி, வாக்குமூலத்தில் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகு கையெழுத்துப் போட்டேன்.

குழந்தையைக் குளிரில் வெளியே தூக்கிப் போகாதே, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த அதிகாரி உன்னையும் போனில் கூப்பிடுவார், அம்மா உன்னிடம் பேசியது எல்லாவற்றையும் சொல். எங்கப்பாவ ஏமாத்திட்டாங்க என்று மட்டும் சொல்லாதே. ஏமாந்தவள் அம்மா. நான் கையெழுத்துப் போட்டவன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அப்பா