வலிக்காத பக்கம்

என் ராசாத்தி அக்காவுக்கு,

நான் பிழைத்து வந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம்தானே என்று தோட்டத்து லயத்து வீடுகளில் கேட்கிறார்கள். ஒன்றும் தோன்றவில்லை அக்கா. சோறு வைத்தால் சாப்பிடுகிறேன், படுக்கச் சொன்னால் படுக்கிறேன்.

உன்னைக் கொண்டுபோன அதே குடல் புற்றுநோய்தான் எனக்கும். கண்டி ஆசுபத்திரியில் உன் வயிற்றைத் திறந்துவிட்டு, பிந்திவிட்டது என்று தைத்து அனுப்பினாரே அந்த யாழ்ப்பாணத்து டாக்டர், அவர்தான் எனக்கும் அறுத்தார். உனக்குக் கட்டி வலப்பக்கம், எனக்கு இடப்பக்கம். வலப்பக்கம் குடல் அகலமாம், உள்ளே இருப்பதும் கஞ்சி மாதிரித் தண்ணியாம். கட்டி வளர்ந்தாலும் சட்டென்று அடைக்காது. ரத்தம் மட்டும் கசியும். இடப்பக்கம் குறுகல். எனக்கு ஒரேயடியாக அடைத்துக்கொண்டது.

நீ வெளுத்துப்போனாய். கொழுந்து பறிக்க மலை ஏற மூச்சு வாங்கியது. நம் லயத்தில் வெளுக்காதவர் யார்? எல்லார் வயிற்றிலும் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. தோட்டத்து மருந்து ஐயா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பூச்சி மருந்து ஊற்றியபோது உனக்கும் ஊற்றினார். "பூச்சிதான் புள்ள, குடிச்சிட்டு நாளைக்கு மலைக்குப் போ" என்றார். மறுபடி வெளுத்தாய், மறுபடி ஊற்றினார். அவரைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை. மற்றவர்களுக்கு அது பூச்சியாகத்தானே இருந்தது?

நானோ வயிறு உப்பி, தேயிலை ஸ்டோர் வாசலில் புரண்டு கத்தினேன். தேயிலைப் பெட்டி ஏற்றியிருந்த லொறியைக் காலிசெய்து என்னைப் போட்டு அனுப்பினார்கள். நம் தோட்டத்தில் கத்துகிறவனுக்குத்தான் லொறி. நடக்கிறவளுக்குக் கொழுந்துக் கூடைதான்.

இப்போது வயிற்றில் ஓட்டை போட்டு, அந்த வழியாகத்தான் வெளிக்குப் போகிறேன். துணி வைத்துக் கட்டியிருக்கிறேன். மறுபடி அறுத்து மூடவேண்டுமாம். டாக்டர் சொன்ன இன்னொன்றை உன்னிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. "உங்கட அக்கா நேரத்தோட வந்திருந்தா எனக்கு வேலை லேசு. ஒரே தரத்தில வெட்டிச் சேர்த்துத் தைச்சிருப்பன். உந்த ஓட்டைகூட வேண்டாம்" என்றார். அழுகை வரவில்லை.

நம் தங்கச்சி பாக்கியம் இப்போது வெளுத்திருக்கிறாள் அக்கா. எங்கேயாவது வலிக்குதா என்றேன். "இல்லண்ணே, அசதிதான். பூச்சின்னு மருந்து ஐயா சொல்லிட்டாரு" என்றாள்.

பூச்சியாகவே இருக்கட்டும், மாரியாத்தா. ஆனால் அதைக் கண்டியில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆசுபத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதிக் கேட்டால், "நல்லா நடக்கிறாளே, அவளுக்கு எதுக்குய்யா கண்டி?" என்கிறார் மருந்து ஐயா.

அவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தச் சொன்னேன். வெட்கப்படுகிறாள். உன் தங்கச்சி வேறு எப்படி இருப்பாள்?

அதனால் நாளைக் காலைப் பெரட்டில் நான் விழுந்து கத்தப்போகிறேன். அறுத்த வயிறு, எல்லாரும் நம்புவார்கள். லொறி வரும். துணைக்கு என்று சொல்லி அவளை ஏற்றிக்கொள்வேன். கண்டியில் இறங்கியதும் அந்த டாக்டர் முன்னால் அவளைத்தான் படுக்கவைப்பேன். இது சத்தியம் அக்கா.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி சின்னையா