முதல் வரி இல்லாத பத்தி

அன்புள்ள கொஹெய்க்கு,

ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டாம். நார்வேயிலேயே இருந்து கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். நம் கடித வழக்கப்படி வெயிலையும் சில்வண்டையும் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில் சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். கோபிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

"என்ன சொல்ல வருகிறார் என்றே புரியவில்லை" என்று ஆய்விதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பியதற்கு உங்கள் ஆங்கிலம் காரணமில்லை. நீங்கள் அனுப்பிய ஜப்பானியப் படியைச் சிப்பி வளர்ப்போர் சங்கத்தில் வாசித்தேன். தொடக்கத்தில் வரும் வளைகுடாவின் வரலாறு முடிவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இவாபுச்சி பெரியவர் கத்தினார்: "ஏம்மா சிஹாரு, உன் வீட்டுக்காரர் சிப்பி தொங்குற கயித்த எறக்கச் சொல்றாரா, ஏத்தச் சொல்றாரா? அதச் சொல்லிட்டு மத்ததப் படி!" கடைசிப் பத்தியைப் புரட்டினேன். அங்கேயும் "ஆழத்தில் இறக்கினால் நல்லதாக இருக்கலாமோ என்று எண்ண இடமுண்டு போலும்" என்றுதான் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இத்தனை உழைத்துவிட்டு இவ்வளவு கூச்சம் எதற்கு?

கடைசியிலிருந்து தொடங்கியதும் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். "வெயில் ஏறுமுன் கயிற்றை ஆழமாக இறக்குங்கள், குஞ்சுச் சிப்பிகள் பிழைக்கும்" என்றேன். "ஏன்?" என்றார்கள். மேல்நீர் சூடாவது பற்றிய பத்தியைப் படித்தேன். "போன வருசம் புயல்லதான செத்துச்சு?" என்று ஒருவர் மடக்கினார். அதற்கும் உங்களிடம் பத்தி இருந்தது: புயலே வராத வருடத்திலும் அவை செத்திருக்கின்றன. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு பத்தி வைத்திருக்கிறீர்கள், எந்தக் கேள்விக்கு என்றுதான் அதன் தலையில் எழுதவில்லை. மறுநாள் படகுகள் கிளம்பின, இவாபுச்சியின் படகுதான் முதலில்.

குஞ்சுகள் பிழைத்துவிட்டன. நேற்று கயிறுகளைத் தூக்கிப் பார்த்தோம். "மீனுக்குப் பாடம் எடுக்கிறவர்னு நெனச்சேன், பரவால்லயே மனுசன்!" என்று பெரியவர் உங்களைப் பாராட்டினார். அவர் வாயால் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இனித் துணிவோடு எழுதுங்கள்.

சில்வண்டுகள் கத்தத் தொடங்கிவிட்டன. ஒருத்திக்கு மட்டும் சோமென் நூடுல்ஸ் வேகவைக்க எனக்கு இன்னும் கைவரவில்லை, தினமும் மிஞ்சுகிறது. வாசலில் உங்கள் செருப்பைத் துடைத்து அதே இடத்தில் வைக்கிறேன். இவையெல்லாம் சான்றுகள்தான், இந்தப் பத்தியின் முதல் வரியை நான் எழுதவில்லை. கட்டுரையை முடித்துவிட்டு வந்து, அதை நீங்களே என்னிடம் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நினைத்தது கைகூடட்டும்.

உங்கள்
சிஹாரு